ஆனதோத்தின் நிலமும் மலையகத்தின் நம்பிக்கையும்

அவிசாவளையிலிருந்து ஹட்டன் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை கித்துல்கலையைக் கடந்து வளைந்து வளைந்து மேலேறியபின் எதிர்ப்படும் கினிகத்தேனை, சிங்களக் கிராமங்களும் தமிழ்த் தோட்டங்களும் அருகருகே அமைந்த ஊராகும். இலங்கையிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் அடங்கும் வட்டவளையும் கெனில்வர்த்தும் இதன் சுற்றுப்புறத்திலேயே இருக்கின்றன. ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டர் அளவில் கொட்டும் இம்மழை தேயிலைக்குக் கொழுந்தைக் கொடுக்கிறது. லயங்களின் பின்மேட்டையும் அதுவே கரைக்கிறது. லயம் என்பது வெள்ளைத் துரைமார் காலத்தில் ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட காம்பரா எனப்படும் அறைகளின் தொகுதி. பல தலைமுறைகள் அதில் பிறந்து வளர்ந்து இறந்தும், அந்தக் காம்பராவோ அது நிற்கும் மண்ணோ குடியிருப்போருக்குச் சொந்தமாகவில்லை. இத்தகைய இடத்தில் கிறிஸ்தவர்கள் 'நம்பிக்கை' என்று சொல்லும்போது எதைச் சொல்கிறார்கள் என்பதை நிதானமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களான மலையகத் தமிழருக்கு இந்த 200 ஆண்டுகளில் குறைவின்றிக் கிடைத்த ஒரே பொருள் வாக்குறுதிதான்.

தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிமார், அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர்கள், ஆசை காட்டி ஆள் கட்டிய கதை இன்றும் தோட்டங்களில் வழங்குகிறது. முதலில் வந்தவர்கள் கோப்பித் தோட்டத்துக்கல்லவா வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் குறுக்கிடலாம். ஆயினும் செடி எதுவானாலும் அதன் அடியில் கடன்தான் இருந்தது என்பதே அக்கதையின் சாரம். தொழிலாளி பட்ட கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு, அக்கடனைத் தீர்க்காமல் அவர் வேறு தோட்டத்துக்கு மாற முடியாதபடி கட்டிவைத்தது. 1921 வரை அந்த முறை நீடித்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை அளிக்கவும் கணக்குப் போட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கி வைத்தது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வந்தது எதனால் என்பதை மலையகத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கிறிஸ்தவ மரபில் விசுவாசமும் நம்பிக்கையும் அன்பும் மூன்று அடிப்படைப் பண்புகளாக எண்ணப்படுகின்றன. விசுவாசம் என்பது இயேசு கிறிஸ்துவின் வழியாகக் கடவுள் செய்ததை ஏற்று அவரைச் சார்ந்து நிற்பது; நம்பிக்கை என்பது அதன் பயனாக, கடவுள் தொடங்கியதை முடிப்பார் என்று எதிர்நோக்கி வாழ்வது. எல்லாம் எப்படியோ சரியாகிவிடும் என்ற மனப்போக்கு இதில் அடங்காது. நிலவரத்தைப் பார்த்துச் சரியாகிவிடும் என்று கணிப்பவர் நிலவரம் கெடும்போது கணிப்பை மாற்றிக்கொள்ள வேண்டியவராகிறார். கண்ணால் கண்டுவிட்டதை எவரும் நம்பிக் காத்திருப்பதில்லை என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் அப்போஸ்தலர் பவுல் வாதிடுவது இக்காரணத்தால்தான்.

மெய்யான நம்பிக்கையையும் பொய்யான நம்பிக்கையையும் பிரித்துக் காட்டுவதில், மலையக வாசகருக்கு மற்றெந்த வேதபகுதியையும்விட எரேமியாவின் புத்தகம் நெருங்கி வருகிறது. கி.மு. 597இல் பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ஒரு பெருங்கூட்டத்தைச் சிறைபிடித்துச் சென்றபின், அனனியா என்னும் தீர்க்கதரிசி, அதாவது கடவுளின் பெயரால் பேசுவதாகச் சொல்லிக்கொண்டவர், இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் அறிவித்து, எரேமியா அடையாளமாகக் கழுத்தில் சுமந்திருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்தார். கூட்டத்துக்கு இது இனித்திருக்க வேண்டும். எரேமியாவோ நாடுகடத்தப்பட்டோருக்கு எழுதிய கடிதத்தில் 70 ஆண்டுகள் என்று சொன்னார்; அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், கொண்டுபோகப்பட்ட பட்டணத்தின் நலனை நாடுங்கள் என்ற பொருளில் எழுதினார். 70 ஆண்டு என்றால் கடிதத்தை வாசித்தவர்களில் பெரும்பாலோர் திரும்பப் போவதில்லை. அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, அதன்பின்னும் எதிர்காலம் உண்டு என்று சொன்னதே எரேமியாவை அனனியாவிடமிருந்து வேறுபடுத்துகிறது. குறுகிய கெடு குறித்துக் கொடுப்பது அனனியாக்களின் வழக்கம். தேர்தல் கால மேடைகளைக் கண்ட தோட்ட மக்களுக்கு அந்தக் குரல் புதியதன்று.

பத்தாண்டு சென்றபின் எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்தது. நகரம் விழப்போகிறது என்று சொன்ன குற்றத்துக்காக எரேமியா காவற்சாலையில் அடைபட்டிருந்த அந்நேரத்தில், அவருடைய சிற்றப்பன் மகன் வந்து, ஆனதோத் என்னும் சொந்த ஊரிலுள்ள வயலை வாங்கிக்கொள்ளும்படி கேட்டார். எதிரிப் படை சூழ்ந்துள்ள நிலத்துக்கு எவர் விலை கொடுப்பார்? எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளைக் கையொப்பமிடச் செய்து, முத்திரையிட்ட பிரதி ஒன்றும் திறந்த பிரதி ஒன்றுமாகக் கிரயப் பத்திரத்தை எழுத்தர் பாருக்கிடம் ஒப்படைத்து, அது நெடுங்காலம் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்த நாட்டில் மீண்டும் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் விலைபேசப்படும் காலம் வரும் என்பதே அச்செயலின் பொருள். ஆறுதல் மொழி சொல்வது எளிது. காசு கொடுத்து, எழுதி, சாட்சி வைப்பது வேறு. நம்பிக்கையைப் பற்றிய பிரசங்கங்கள் பலவற்றிலும் இல்லாத கனம் இந்த வறண்ட பத்திர விவரங்களில் இருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

இந்த நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்று கேட்டால், கிறிஸ்தவர்கள் சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் சுட்டுகிறார்கள். இயேசு ரோம அதிகாரத்தால் சிலுவையில் அறைந்து கொல்லப்பட்டார் என்பதையும், கடவுள் அவரைச் சாவிலிருந்து எழுப்பினார் என்பதையும் ஒன்றைவிட்டு ஒன்றைச் சொல்ல முடியாதபடி சுவிசேஷங்கள் பிணைத்திருக்கின்றன. உயிர்த்த உடலிலும் ஆணித்தழும்பு இருந்தது என்று யோவான் எழுதுவது, பட்ட துன்பம் இல்லாமற் போய்விடுவதில்லை என்பதற்கு அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையில் சேர்க்கப்பட்டு, ஹாம்பர்க் குண்டுவீச்சில் அருகில் நின்ற தோழனைப் பறிகொடுத்து, பின்னர் பிரித்தானியரின் கைதியாக மூன்று ஆண்டுகள் முகாம்களில் கழித்த இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன், கைவிடப்பட்டவராகக் கதறிய இயேசுவை மாற்குவின் சுவிசேஷத்தில் முகாமிலேயே வாசித்து விசுவாசத்துக்கு வந்தவர். அவர் 1964இல், அதாவது இங்கே ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஆண்டில், நம்பிக்கையின் இறையியல் என்ற நூலை வெளியிட்டு, கிறிஸ்துவை நம்புவோர் இருக்கிற நிலைமையோடு சமாதானமாகிவிட முடியாது என்று வாதிட்டார்.

திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2007இல் நம்பிக்கை குறித்து எழுதிய சுற்றுமடலில், அதாவது உலகத் திருச்சபைக்கு எழுதப்படும் போதனைக் கடிதத்தில், சூடானில் சிறுமியாகக் கடத்தப்பட்டுக் கைக்குக் கை விற்கப்பட்ட ஜோசபின் பக்கீத்தாவை எடுத்துக்காட்டினார். அடித்த எசமானர்களையே அறிந்திருந்த அப்பெண், இத்தாலிக்குச் சென்றபின், அவர்கள் எல்லாருக்கும் மேலான எசமானர் ஒருவர் உண்டு என்றும் அவரும் சாட்டையடி பட்டவர் என்றும் கேள்விப்பட்டார். 1890இல் ஞானஸ்நானம் பெற்றுப் பின்னர் கன்னியாஸ்திரியான அவர் 2000ஆம் ஆண்டில் புனிதராக அறிவிக்கப்பட்டார். துரையின் சொல்லே கடைசிச் சொல்லாக இருந்த தோட்டத்தில் இச்செய்தி எப்படி ஒலித்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஆனால் இச்செய்தி தோட்டத்துக்கு வந்த வழி அவ்வளவு தூயதாக இருக்கவில்லை. 1854இல் தோட்டத்துரைமார் சிலரின் ஆதரவோடு தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரை, அதாவது வேதம் கற்பிக்கும் ஊழியரை, வரவழைத்துத் தோட்டந்தோட்டமாக அனுப்பியது; அதன் பெயரிலிருந்த இழிசொல் பின்னாளில் நீக்கப்பட்டது. பணம் கொடுத்தது துரை என்பதால், பணிந்து நடக்கும் தொழிலாளியை உருவாக்கவே வேதம் கொண்டுவரப்பட்டது என்ற குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. மறுமையைக் காட்டி இம்மையின் கூலியை மறக்கச் செய்வது மதத்தின் வேலை என்று சொல்பவர்களுக்குத் தோட்டங்களில் சான்று கிடைக்காமற் போகாது. எனினும் அந்த உபதேசிமார் கையில் இருந்த அதே புத்தகத்தில்தான் எகிப்தின் செங்கற்சூளையிலிருந்து வெளியேறிய அடிமைகளின் கதையும் இருந்தது. கொடுத்தவர் நோக்கத்துக்குள் அடங்கி நிற்கும் புத்தகம் அது அன்று.

அந்த விடுதலைக் கதை உரக்க வாசிக்கப்பட்டது 1970களில் எனலாம். இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தை நிறுவி, சிங்களரும் தமிழரும் சேர்ந்து தோட்ட மக்களின் உரிமைக்காக உழைக்கும் களமாக அதை ஆக்கினார். கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார அதே ஆண்டில் புதிதாக அமைந்த பதுளை மறைமாவட்டத்தை விரும்பி ஏற்று, தோட்டத்தையும் கிராமத்தையும் அறிந்த குருக்களை உருவாக்கப் பண்டாரவளையில் சேவக செவன என்னும் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் அரசுடைமையான அந்தக் காலத்தில் பஞ்சம் லயங்களுக்குள் புகுந்து பலரைக் கொன்றது. இந்தக் குருவும் ஆயரும் மறுமையை நம்பியவர்களே என்பதும், அந்த நம்பிக்கையே அவர்களைப் பஞ்சத்தின் பக்கம் திருப்பியது என்பதும் கவனத்துக்குரியன.

கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டங்களில் இந்துக்களே பெரும்பான்மையினர். கிறிஸ்தவர் சிறு தொகையினர். அவர்களுடைய நம்பிக்கை பெரிய நூல்களில் அன்றி வீட்டு ஜெபக்கூட்டங்களில்தான் தென்படும். லயத்து இஸ்தோப்பில், அதாவது காம்பராவின் முன்திண்ணையில், பாய் விரித்துக் கூடும் அக்கூட்டங்களில் சொல்லப்படும் ஜெபக் குறிப்புகள் மிகத் துல்லியமானவை: நிறை குறைந்ததால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி மட்டும், போட்ட நாள், இன்னும் வந்து சேராத சேமலாப நிதிப் பணம், கொழும்புக் கடையில் வேலை பார்க்கும் மகன், வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போய் மூன்று மாதமாகப் பேசாத மகள். துன்பம் பொறுமையையும் பொறுமை தேர்ச்சியையும் தேர்ச்சி நம்பிக்கையையும் பிறப்பிக்கிறது என்று பவுல் கோத்த சங்கிலியை இங்கே எச்சரிக்கையோடு கையாள வேண்டும். துன்பம் நல்லது என்று பவுல் சொல்லவில்லை. துன்பப்படுபவரைக் கடவுள் கைவிடவில்லை என்றே சொல்கிறார். இந்த வேறுபாட்டை மறந்த போதகர் தோட்டத்துரைக்கு இலவசமாக வேலை செய்பவராகிவிடுவார். காணிக்கை போட்டால் கடன் தீரும், விசுவாசம் இருந்தால் நோய் நிற்காது என்று தவணை சொல்லும் ஆசீர்வாதக் கூட்டங்கள் மறுபுறம் அனனியாவின் தொழிலையே ஒலிபெருக்கி வைத்துச் செய்கின்றன. சொன்னது நடக்காதபோது பழி, விசுவாசம் போதவில்லை என்று ஏழையின் தலையில்தான் விழுகிறது.

நவம்பர் 2ஆம் நாள் கத்தோலிக்கர் இறந்தோரை நினைக்கும் கல்லறைத் திருநாள். அதற்கு முந்திய நாட்களில் தோட்டத்து மயானங்களில் மானாப் புல்லை வெட்டி, மழையில் கரைந்த மண்மேட்டைக் கையால் தட்டிக் கட்டி, சுண்ணாம்பு பூசிய மரச்சிலுவையை நேராக்குவார்கள். அந்த ஆறடியும் தோட்டத்துக்கே சொந்தம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, பலருக்குத் தனிக் கல்லறை என்ற அதுவும் கிடைக்கவில்லை. உடல் மண்ணில் விதைக்கப்படுகிறது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது, நிலமற்ற மக்களிடம் வேறு எடையோடு வந்து சேர்கிறது.

2023இல், முன்னோர் வந்து சேர்ந்த 200ஆம் ஆண்டை முன்னிட்டு, இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றமும் 'மாண்புமிகு மலையக மக்கள்' கூட்டமைப்பும் ஒழுங்கு செய்த நடைபயணம் ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்தது. முன்னோர் காட்டுவழியில் காலராவிலும் பசியிலும் விழுந்து இறந்த ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தூரத்தை மதவேறுபாடின்றி நடந்தவர்கள் வரலாற்றுக்கு அங்கீகாரம், நியாயமான கூலி, வீடு, காணி என்று கேட்டார்கள். இதற்கிடையே 7 பேர்ச் நிலத்தில் தனிவீடு கட்டும் திட்டங்கள் நடந்துள்ளன. வீடு கிடைத்தும் காணி உறுதிக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் பல. ஆனதோத்தின் வயலுக்கு விலை கொடுத்தவர் தீர்க்கதரிசி எரேமியா என்றாலும், வேலையை முடித்தவர் எழுத்தர் பாருக் என்பதை இங்கே நினைக்கலாம். அதுபோன்ற எழுத்து வேலை மலையகத்திலும் தேவைப்படுகிறது: பிறப்புப் பதிவு இல்லாமல் வளர்ந்தவர்கள் காலந்தாழ்த்திப் பதியும்போது, கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ள ஒரு வரி ஆதாரமாக ஏற்கப்படுவதுண்டு. பழைய பதிவேட்டைத் தேடியெடுத்து, பெயரின் எழுத்துப்பிழையைத் திருத்தி, சான்றிதழ் எழுதிக் கொடுத்து, பிரதேச செயலகத்து வரிசையில் கூட நிற்கும் வேலை ஞாயிறு ஆராதனையில் அறிவிக்கப்படாத ஊழியமாக மலையகச் சபைகளில் நடந்து வருகிறது.