கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் நன்மை வாங்குவது எப்படி?



புதுநன்மை வகுப்பு தொடங்கும்போது பெற்றோரிடம் நாம் வழக்கமாகக் கேட்பவை சில உண்டு. ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கிறதா? பிள்ளைக்குச் செபங்கள் தெரியுமா? ஞாயிறு பூசைக்கு ஒழுங்காக வருகிறதா? பிள்ளையின் உடம்புக்கு எந்தச் சாப்பாடு ஆகாது என்பது அந்தப் பட்டியலில் வருவதில்லை. ஆனால் ஒரு தாய் வந்து, "ஃபாதர், டாக்டர் இவளுக்குக் கோதுமையே கூடாதுன்னு சொல்லிட்டார். ஓஸ்தி கோதுமையிலதானே செய்றாங்க? என் பொண்ணுக்கு நன்மை உண்டா, இல்லையா?" என்று கேட்டால் என்ன சொல்வது? பதில் ஒரே சொல்தான்: உண்டு. எப்படி என்பதை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

அந்த மருத்துவர் சொன்ன நோய்க்குச் சீலியாக் நோய் என்று பெயர். கோதுமையில் பசையம் என்றொரு புரதம் இருக்கிறது. ஆங்கிலத்தில் குளூட்டன் என்பார்கள். பரோட்டா மாஸ்டர் மைதா மாவை வீசி வீசித் துணிபோல விரிக்கிறாரே, அது கிழியாமல் இழுபடுவதற்குக் காரணம் இந்தப் பசையம்தான். அரிசி மாவை அப்படி வீச முடியாது, உதிர்ந்துவிடும். அதில் இந்தப் பசையம் இல்லை. பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதே வகைப் புரதங்கள் உண்டு.

நம்மில் பெரும்பாலோருக்குப் பசையத்தால் ஒரு தீங்கும் இல்லை. சீலியாக் நோயாளிக்கு மட்டும், அது சிறுகுடலில் இறங்கியதும் உடலின் காவல் படை அதை எதிரி என்று எண்ணித் தன் குடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் விரல் விரலாக நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. சாப்பிட்ட சத்தை உறிஞ்ச ஆள் இல்லை. பிள்ளை வயிறார உண்டும் மெலிகிறது, உயரம் கூடுவதில்லை. வயிறு உப்புகிறது, பேதி நிற்பதில்லை. பெரியவர்களுக்கோ எத்தனை இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் ரத்தசோகை தீராமல் இருக்கும், எலும்பு பலவீனப்படும், சிலருக்குக் குழந்தைப் பேறு தள்ளிப்போகும். வயிற்றுத் தொல்லையே இல்லாமல் இந்த நோய் இருப்பவர்களும் உண்டு. இது தொற்றாது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தோருக்கும் வர வாய்ப்பு கூடுதல். குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. பசையத்தை அறவே விட்டால் குடல் மெல்ல ஆறும், அதுதான் சிகிச்சை.

இதற்குக் கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் வில்லெம் காரெல் டிக்கே என்ற நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர். போருக்கு முன்பே அவருக்கு ரொட்டியின் மேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டில் கடும் பஞ்சம் வந்து ரொட்டியே கிடைக்காமல் போனது. ஊரெல்லாம் பசியில் வாடியபோது சீலியாக் பிள்ளைகளின் நிலை மட்டும் மோசமாகவில்லை, தேறியது. ரொட்டி திரும்ப வந்தபோது நோயும் திரும்பியது. 1950இல் தம் ஆய்வேட்டில் அவர் இதை நிறுவினார். அதற்கு முன்னால் இந்த நோயில் இறந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஊட்டம் என்று நம்பி ஊட்டிய ரொட்டியே அவர்களுக்கு வினையாக இருந்திருக்கிறது.

"அதெல்லாம் வெள்ளைக்காரர் நோய், நமக்கேது?" என்று சிலர் நினைக்கலாம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் அரியானா, அசாம், தமிழ்நாடு ஆகிய மூன்று இடங்களில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். நம் மாநிலத்தில் ஆய்வு நடந்தது வேலூர்ப் பக்கம். நோயின் அடையாளமான எதிர்ப்பொருள் வடக்கே 100 பேரில் 1.23 பேருக்கு இருந்தது, தெற்கே 0.10 பேருக்குத்தான். இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுவோ எல்லா இடத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது. வேறுபாடு தட்டில்தான். வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்கிறார். தெற்கே 25 கிராம். இட்லியும் சோறும் நம்மை அறியாமலே நம்மைக் காத்து வந்திருக்கின்றன என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் நம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இப்போது அப்படியா இருக்கிறது? சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் ஆலைகளிலும் மற்றத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்ய வட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் நம் தெருக்களில் குடியிருக்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம்மோடு பூசை காணும் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. வந்தவர்களில் பலர் ரொட்டி உண்டு வளர்ந்தவர்கள். மொழி தெரியாத ஊரில், இந்த நோயை அரிதாகவே பார்க்கும் மருத்துவரிடம், மெலிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் தாயை நினைத்துப் பாருங்கள். பூச்சி மருந்து கிடைக்கும், சத்து டானிக் கிடைக்கும். அந்த டானிக்கோடு தினமும் ரொட்டியும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். நம் சொந்த வீடுகளிலும் நிலைமை மாறிவிட்டது. சர்க்கரை நோய் என்றதும் ராத்திரிக்குச் சப்பாத்தி. பிள்ளைக்குக் காலையில் பிரெட், பள்ளிக்கு பிஸ்கட், மாலையில் நூடுல்ஸ். சிறு வயதிலேயே இன்சுலின் போடும் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்குச் சீலியாக் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதையும் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் ஒரு முக்கியமான சொல்: சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுப் போனால் ரத்தத்தில் அடையாளம் மறைந்து, நோய் இல்லை என்று முடிவு வந்துவிடும். டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை முதலில். அதில் தெரிந்தால், குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பது அடுத்து. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோய்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று தாமாகவே கோதுமையை விடுவது இப்போது ஒரு நாகரிகமாகவும் பரவி வருகிறது. நோய் இல்லாதவருக்கு அது தேவையில்லை.

நோய் உறுதியான வீட்டில் பயப்பட வேண்டியதில்லை, நம் சமையலில் முக்கால்வாசி பாதுகாப்பானதுதான். இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, கேழ்வரகுக் கூழ், கம்பு, சோளம், தினை, சாமை எல்லாம் சாப்பிடலாம். மீன், இறைச்சி, முட்டை, பருப்பு, பால், காய்கனி எதற்கும் தடையில்லை. ஆபத்து ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. உப்புமா, ரவா தோசை, கேசரி, சேமியா பாயசம் எல்லாம் போயிற்று. கேழ்வரகு சேமியா என்று விற்பதிலும் கோதுமை மாவு கலந்திருக்கலாம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்க்கிறார்கள். அந்தப் பெருங்காயம் விழாத சாம்பாரும் ரசமும் நம் ஊரில் ஏது? அட்டையைப் படித்து, அரிசி மாவு சேர்த்ததை வாங்க வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போகும்போது பாசத்தோடு வாங்கிப் போகிறோமே ஹார்லிக்ஸ், அது கோதுமையும் முளைகட்டிய பார்லியும் சேர்ந்தது. இந்த நோயாளிக்கு ஆரஞ்சுப் பழமே நல்லது.

தெருமுனை மாவு மில்லையும் கவனிக்க வேண்டும். முன்னால் ஒருவர் கோதுமை அரைத்த கையோடு நம் கேழ்வரகைக் கொட்டினால், மிஷினில் தங்கியிருந்த மாவும் சேர்ந்துதான் வீட்டுக்கு வரும். சப்பாத்தி சுட்ட கல், பூரி பொரித்த எண்ணெய், ஒரே கரண்டி, எல்லாமே இப்படித்தான். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இருந்தால் அதைப் பசையமற்ற உணவு என்று விற்க விடுவதில்லை. நாளுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் கெடுகிறது என்று இத்தாலியில் நடந்த ஆய்வில் கண்டார்கள். பிரெட் துண்டின் ஓரத்தில் ஒரு கிள்ளு கிள்ளினால் வருகிற அளவு அது. ஆகவே விருந்துக்குப் போன இடத்தில், "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும், ரொம்பத்தான் பிகு பண்றா" என்று மருமகளைச் சொல்லாதீர்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 11ஆம் அதிகாரத்தில் பவுலடியார் கோபப்படுவது எதற்காக? ஆண்டவரின் விருந்துக்குக் கூடிய இடத்தில் சிலர் வயிறு நிரம்பவும் சிலர் பசியோடும் இருந்தார்கள் என்பதற்காகத்தான். நம் பங்குத் திருவிழா விருந்தில் இப்படிப்பட்ட ஒருவருக்குத் தனிப் பாத்திரத்தில் வெறும் சோறும் தயிரும் எடுத்து வைப்பது பெரிய வேலையல்ல.

இனி ஓஸ்திக்கு வருவோம். பக்தியுள்ள சிலர் கேட்பார்கள்: "ஆண்டவருடைய திருவுடலாக மாறிய பிறகு அது எப்படித் தீங்கு செய்யும்? விசுவாசத்தோடு வாங்கினால் ஒன்றும் ஆகாது." கேட்க அழகாக இருக்கிறது, திருச்சபையின் போதனை அதுவல்ல. எழுந்தேற்றத்தில் மாறுவது உட்பொருள். நிறம், சுவை, எடை, உடலில் அது செய்யும் வேலை என்று புலனுக்குத் தெரிகிறவை அப்படியே இருக்கின்றன. புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பின் மூன்றாம் பகுதி, 77ஆம் வினாவில், எழுந்தேற்றம் பெற்ற அப்பம் உடலுக்கு ஊட்டம் தருமா என்று நேராகவே கேட்டு, தரும் என்று பதில் சொல்கிறார். ஊட்டம் தரும் என்றால், ஒத்துக்கொள்ளாதவரின் குடலைப் புண்ணாக்கவும் செய்யும். பிள்ளையைக் கட்டாயப்படுத்தி வாங்கவைப்பது விசுவாசம் ஆகாது.

"அப்படியானால் அரிசியில் ஓஸ்தி செய்தால் என்ன? இது நெல் விளையும் பூமியாயிற்றே" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் ஆண்டவர் இராவுணவில் எடுத்த அப்பத்தைத் திருச்சபை தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் உரிமை தனக்கு இல்லை என்று கருதுகிறது. திருச்சபைச் சட்டம் 924 அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும் என்கிறது. 2004இல் அமெரிக்காவில் இந்த நோயுள்ள சிறுமி ஒருத்திக்கு அரிசி ஓஸ்தியில் புதுநன்மை கொடுத்தார்கள். அது செல்லாது என்று மறைமாவட்டம் அறிவித்தபோது அந்தக் குடும்பம் பட்ட வேதனை உலகச் செய்தியானது. முன்கூட்டியே கேட்டிருந்தால் வழி இருந்தது. ஏனென்றால் அதற்கு முந்தின ஆண்டே, 2003 ஜூலை 24 அன்று, விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவராயிருந்த கர்தினால் இராட்சிங்கர் இதுபற்றித் தெளிவான மடல் எழுதியிருந்தார். பசையம் அறவே நீக்கிய ஓஸ்தி செல்லாது. அப்பமாகச் சேர்ந்து நிற்கப் போதுமான அளவு சிறிதளவு பசையம் உள்ள ஓஸ்தி செல்லும். அதுவும் ஒத்துக்கொள்ளாதவர் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் நன்மை வாங்கலாம். 2017இல் திருவழிபாட்டுப் பேராயமும் இதையே மறுபடி நினைவூட்டியது.

பசையம் குறைந்த ஓஸ்தியை அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் கிளைட் என்ற ஊரிலுள்ள பெனடிக்ட் சபைச் சகோதரிகள் நீண்ட முயற்சிக்குப் பின் உருவாக்கினார்கள். கோதுமை மாவுச்சத்தும் தண்ணீரும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. இப்படிப்பட்டதைப் பயன்படுத்த ஆயரின் அனுமதி வேண்டும். ஒருமுறை கொடுத்தால் நோய் உள்ளவரை அது போதும். மருத்துவர் அந்தச் சிறிதளவும் கூடாது என்றால் இரசம்தான் வழி. இதில் குறை ஒன்றுமில்லை. திரெந்து பொதுச்சங்கம் போதித்தபடி எந்த ஒரு வடிவிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார். அப்பம் மட்டும் வாங்கும் நாம் முழு ஆண்டவரைப் பெறுகிறோம் என்றால், இரசம் மட்டும் வாங்குகிறவரும் அவ்வாறே பெறுகிறார். மதுவும் ஆகாத நிலையில், நொதிக்கவிடாத திராட்சைச் சாற்றுக்கும் ஆயர் அனுமதி தரலாம்.

செய்யும்போது மூன்று காரியங்களில் கவனம் தேவை. பூசையில் குருவானவர் அப்பத்தைப் பிட்டு ஒரு துணுக்கை இரசக் கிண்ணத்தில் இடுகிறார். ஆகவே அந்தக் கிண்ணம் இவர்களுக்கு ஆகாது, அருகில் இன்னொரு சிறு கிண்ணம் வைத்து எழுந்தேற்றம் செய்ய வேண்டும். அப்பத்தை இரசத்தில் தோய்த்துக் கொடுப்பது தீர்வாகாது. ஓஸ்தியைத் தொட்ட விரலால் மற்றதை எடுக்கவும் கூடாது, எனவே இவர்கள் வரிசையில் முதலில் வருவது நல்லது. இவர் மட்டும் ஏன் கிண்ணத்தில் வாங்குகிறார் என்று பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க வேண்டாம். காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

இந்த ஆண்டு முதல் நம் புதுநன்மை விண்ணப்பத்தில் பிள்ளைக்கு ஆகாத உணவு எது என்று எழுத ஒரு வரி விடப்பட்டிருக்கிறது. மறைக்கல்வி ஆசிரியர்கள் அதைப் படித்துவிட்டு வகுப்பில் பிஸ்கட் கொடுக்கட்டும். அன்பியப் பொறுப்பாளர்கள், தமிழ் தெரியாத குடும்பங்களிலும் இதைக் கேட்டுச் சொல்ல வேண்டும். பெரியவர்களில் யாருக்காவது இந்த நோய் இருந்து, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு நன்மை வாங்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால், பூசைக்குக் கால் மணி நேரம் முன்னால் சக்ரீஸ்து அறைக்கு வந்து சொல்லுங்கள். தனிக் கிண்ணம் எடுத்து வைக்க அவ்வளவு நேரம் போதும்.