கம்பத்தில் ஏறுமுன் ஒரு கையெழுத்து

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை விழுந்த இடமெல்லாம் கம்பியும் அறுந்து கிடந்தது. தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளம், ஆந்திரத்திலிருந்தும் மின்ஊழியர்கள் வந்தார்கள். லாரி போகாத வரப்புகளில் கம்பங்களைத் தோளில் சுமந்துபோய் நட்டார்கள். அவர்களில் எல்லோரும் வீடு திரும்பவில்லை. வேலை நடந்துகொண்டிருந்தபோதே உயிர்விட்டவர்கள் உண்டு.

லைன்மேன் ஒருவர் இறந்தால் அன்று சாயங்காலத்துக்குள் ஒரு சொல் வந்துவிடும்: ‘கவனக்குறைவு’. எல்.சி. (லைன் கிளியர்) வாங்கவில்லை, பெல்ட் போடவில்லை, கையுறை இல்லை என்பார்கள். சில நேரம் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கையுறை அவருக்குக் கொடுக்கப்பட்டதா, எல்.சி. தர சப்ஸ்டேஷனில் ஆள் இருந்தாரா என்று அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. சட்டம் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடவில்லை என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது.

முதலில் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கம்பத்தில் ஏறுமுன் அந்த ஃபீடரின், அதாவது மின்பாதையின், மின்சாரத்தை நிறுத்தி, சப்ஸ்டேஷனில் பதிவு செய்து பெறும் அனுமதிதான் எல்.சி. என்கிற லைன் கிளியர். யார் வாங்கினார், எத்தனை மணிக்கு வாங்கினார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வாங்கியவரேதான் திருப்பித் தரவும் வேண்டும். செல்போனில் “சார், ஆஃப் பண்ணிட்டீங்களா?”, “பண்ணியாச்சுப்பா, ஏறு” என்று முடிகிற பேச்சு எல்.சி. ஆகாது. ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வந்து உட்காருகிறவருக்கு, கம்பத்தின் மேல் ஓர் ஆள் இருக்கிறார் என்று எந்தக் காகிதமும் சொல்லாது.

எல்.சி. சரியாக வாங்கியும் செத்தவர்கள் உண்டு. ஒரே கம்பத்தில் இரண்டு ஃபீடர் போகும். ஒன்று நின்றிருக்கும், மற்றொன்றில் மின்சாரம் ஓடும். வெளியூரிலிருந்து புயல் வேலைக்கு வந்தவருக்கு இது தெரிய வழியில்லை.

இன்னொரு எமன் ஜெனரேட்டர். புயலுக்குப் பிறகு கல்யாண மண்டபத்திலும் அரிசி ஆலையிலும் வீட்டிலும் ஜெனரேட்டர் ஓடுகிறது. மெயின் சுவிட்சைப் பிரிக்காமல் அதை வீட்டு வயரிங்கில் சொருகிவிட்டால், அந்த மின்சாரம் தெருக்கம்பி வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னோக்கிப் போகும். 11,000 வோல்ட்டை 400 ஆகக் குறைக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மர், எதிர்த்திசையில் வருவதை 11,000 ஆக ஏற்றிவிடும். அரை கிலோமீட்டர் தள்ளி ‘செத்த லைன்’ என்று நம்பித் தொட்டவர் கையில் அது இறங்கும். இதில் நமக்கும் பங்கிருக்கிறது. ஜெனரேட்டர் வைத்திருப்பவர் மாற்று சுவிட்ச் போட்டுக்கொள்வது தன் வீட்டுக்காக மட்டுமல்ல. பம்புசெட்டுக்கு கரண்ட் இல்லை, நாற்று காய்கிறது என்று லைன்மேனைச் சுற்றி நின்று சத்தம் போடும்போதும் அவரை அவசரப்படுத்துகிறோம்.

ஆகவே நிறுத்துவது, பூட்டுவது, பலகை தொங்கவிடுவது, மின்சாரம் இல்லை என்று சோதிப்பது, வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் கம்பிகளை இணைத்து எர்த் செய்வது ஆகியவற்றில் எதையும் விட முடியாது. எர்த் கம்பி போட்டிருந்தால், எந்தப் பக்கம் மின்சாரம் தவறி வந்தாலும் அது மண்ணுக்குப் போகும். அதற்கு ஆகும் பத்து நிமிடத்தைத்தான் ‘லேட்’ என்கிறோம்.

வண்டல் மண்ணும் சும்மா இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஊறிய வயலில் நிற்கும் பழைய கம்பம், அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியும் தளர்ந்திருந்தால், ஏறுகிற ஆளோடு சாயும். ஏறுமுன் அடியைப் பார்ப்பது ஒரு வேலை. ஆனால் அந்த வேலையை யார் செய்கிறார்கள்? குழி தோண்டவும் கம்பம் நடவும் எடுக்கப்பட்ட கேங்மேன்களும் ஒப்பந்த ஆட்களும் மேலே ஏற்றப்படுகிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன.

இனி உரிமை. 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் மின்கம்பி, மின்கம்ப வேலையைப் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்கு முன் நடந்த விபத்துக்குப் பழைய சட்டமே பேசும். இரண்டிலும் அடிப்படை ஒன்று. குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்ற வாதம் உயிரையோ முழு உழைப்புத் திறனையோ பறிக்காத காயத்துக்குத்தான் செல்லும். மரணத்துக்கோ முழு நிரந்தர ஊனத்துக்கோ அதைச் சொல்லி இழப்பீட்டை மறுக்க முடியாது. ‘பெல்ட் போடவில்லை’ என்று எழுதிய விசாரணை அறிக்கையைக் கண்டு குடும்பம் பின்வாங்க வேண்டியதில்லை.

எவ்வளவு கிடைக்கும்? மரணம் என்றால் மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அது 207.98. ஊதியம் 15,000 என்றால் 15,59,850 ரூபாய். ஒப்பந்தக்காரர் காகிதத்தில் 8,000 என்று காட்டியிருந்தால் அதுவே 8,31,920 ஆகிவிடும். கையில் ரொக்கமாக வாங்கினால் கூலி எவ்வளவு என்பதற்குச் சாட்சி இருக்காது. வங்கி வழியாக வாங்கச் சொல்வது இதற்காகத்தான். ஒப்பந்தக்காரர் கைவிரித்தாலும், வேலையை ஒப்படைத்த முதன்மை நிறுவனத்தின் பொறுப்பு போய்விடாது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டியும், நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும். மனுப்போட இரண்டு ஆண்டு அவகாசம். புதிய தொகுப்பில், வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், சேரும்.

தொழில் பாதுகாப்புக்கான தொகுப்பில் ஒரு வினோதம் உண்டு. அரசு அலுவலகங்களுக்கு அது பொருந்தாது என்று முதல் பிரிவே சொல்கிறது. ஒழுகும் கட்டடத்தில் உட்கார்ந்து சிட்டா எழுதுகிற அரசு ஊழியருக்கு அதனால் பயன் இல்லை. அதே அலுவலகத்துக்கு ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆளுக்குப் பொருந்தும்! பொருந்தும் இடங்களில், உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக அஞ்சும் ஊழியர் நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம். நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும். வாயால் சொல்வதைவிட வாட்ஸ்அப்பிலாவது எழுதி வையுங்கள்.

மின்வேலைக்கு வெளியேயும் ஒன்று சொல்ல வேண்டும். பாதாளச் சாக்கடையில் இறங்கி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தஞ்சாவூர், கும்பகோணம் மாநகராட்சிகளில் ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்களும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மின்விபத்து நடந்தால் 108க்கு அழையுங்கள். மின்சாரம் நின்றது உறுதியான பிறகே ஆளைத் தொடுங்கள். மூச்சில்லை என்றால் மார்பை அழுத்திக்கொண்டே இருங்கள். பிறகு காகித வேலை. மின்சாரச் சட்டத்தின் 161வது பிரிவும் அதன் விதிகளும், உயிரிழப்பை 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்குத் தெரிவித்து, 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிக்கை தரச் சொல்கின்றன. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மின் ஆய்வாளர் அறிக்கை, அந்த நாளின் எல்.சி. பதிவேட்டுப் பக்கம் ஆகியவற்றைக் குடும்பம் கேட்டு வாங்க வேண்டும். தர மறுத்தால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி எண் 15100. மனுதாரர் பெண்ணாக இருந்தால் வருமானம் பார்ப்பதில்லை. நிரந்தர ஊழியராக இருந்திருந்தால் கருணை அடிப்படையிலான வேலைக்கும் இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுப்போட வேண்டும். இழப்பீட்டு வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெடு கடந்துவிடும். இரண்டையும் ஒரே வாரத்தில் போடுங்கள்.