மிளகாயின் காரமா? சுண்ணாம்பின் காரமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

பிறந்த மண்ணைப் பிரிந்தவனிடம் முதலில் ஏங்குவது எது? கண்ணா, காதா? நாக்குதான் என்பேன்.

1942 முதல் 1964 வரை, இரு அரசுகளின் ஒப்பந்தத்தின் பேரில், மெக்சிகோ நாட்டு உழவுத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் அமெரிக்க வயல்களுக்குச் சென்றனர். அவர்களுக்குப் பின்னும் பலர் சென்று அங்கேயே தங்கிவிட்டனர். இன்று அமெரிக்கச் சிற்றூர்களிலும் 'மெக்சிகோ உணவு' என்ற பெயர்ப்பலகையைக் காணலாம். ஆனால் ஆவலோடு நுழையும் மெக்சிகோக்காரர் பலமுறை ஏமாந்தே திரும்புகிறார். பொரித்து மடித்த மொறுமொறுப்பான ஓடு இருக்கும்; மஞ்சள் பாலாடைக்கட்டி இருக்கும்; மிளகாயும் இருக்கும். அவர் தேடிய டொர்ட்டியா மட்டும் இருக்காது.

டொர்ட்டியா என்பது மக்காச்சோள ரொட்டி. உலர்ந்த மணிகளை நீற்றிய சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, கழுவி, அரைத்து, தட்டிச் சுடுவார்கள். அந்த மணமே அதன் அடையாளம். மிளகாய்க் காரத்தைத்தான் மெக்சிகோவின் சுவை என்று நாம் எண்ணுகிறோம். வேதியியல் மாணவர்க்குக் 'காரம்' என்றால் வேறு பொருளும் உண்டல்லவா? சுண்ணாம்பாகிய கால்சியம் ஹைட்ராக்சைடு மணியின் தோலைக் கரைக்கிறது. மாவு ஒட்டிப் பிசைய வருகிறது. அதுமட்டுமன்று. மக்காச்சோளத்தில் பிணைந்து கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்தையும் விடுவிக்கிறது.

1492ஆம் ஆண்டுக்குப் பின் மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குக் கடல் கடந்தது. சுண்ணாம்பு முறை உடன் செல்லவில்லை. விளைவு என்ன? அதையே நம்பி வாழ்ந்த ஸ்பெயின், இத்தாலி நாட்டு ஏழைகளைப் 'பெலாக்ரா' நோய் பற்றியது. பின்னர் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் பரவியது. தோல் வெடித்து, மதி கலங்கிப் பல்லாயிரவர் மாண்டனர். அது தொற்றுநோயன்று, உணவுக் குறைவால் வருவதே என்பதை 1915இல் மிசிசிப்பிச் சிறைப் பண்ணை ஒன்றில் நடத்திய சோதனையால் ஜோசப் கோல்ட்பெர்கர் காட்டினார். நியாசினே அதற்கு மருந்து என்பதற்கு 1937இல் எல்வேஜெமின் ஆய்வு வழிகாட்டியது.

ஆகவே, சிகாகோவின் பில்சன் பகுதியில், சுண்ணாம்பில் ஊறிய மணியை அரைத்துச் சுடும் கடையைத் தேடிச் செல்லும் மெக்சிகோக்காரரை வெறும் நாக்குச் சபலக்காரர் என்று சொல்லலாமா? தம் முன்னோரின் அறிவையன்றோ அவர் தேடுகிறார்! மெக்சிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ 2010இல் மனிதகுலப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆய்வுக்கூடத்தில் காரத்தைக் கையாளும்போதெல்லாம், ஏட்டுக் கல்வி இல்லாமலே அதை அடுப்படியில் ஆண்ட அந்தத் தாய்மாரை எண்ணிக்கொள்கிறேன். நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நம் வீட்டு அடுப்படியிலும் சற்று நின்று, "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பார்ப்போமா?