எட்கா: கையெழுத்துக்கு முன் நாம் கேட்க வேண்டியவை

இந்தியாவுடன் வர்த்தக உடன்படிக்கை என்ற பேச்சு எழும்போதெல்லாம் இலங்கையில் முதலில் ஒலிப்பவை இரண்டு அச்சங்கள்: இந்தியப் பொருட்கள் வந்து குவிந்துவிடும், இந்தியத் தொழில் வல்லுநர்கள் நம் வேலைகளை எடுத்துக்கொள்வார்கள். 2008 கொழும்பு சார்க் மாநாட்டின்போது கைச்சாத்தாகவிருந்த சீபா (விரிவான பொருளாதாரப் பங்காளித்துவ உடன்படிக்கை) கடைசி நேரத்தில் நின்றுபோனது எதிர்ப்புகளால்தான். 2016 முதல் எட்கா எனப்படும் பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கைக்கு எதிராக அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் உட்படப் பல தொழிற்சங்கங்கள் குரல் கொடுத்தன. இடையில் நின்ற பேச்சு 2023இல் மறுபடி தொடங்கியது. அச்சப்படுவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரு நாடுகளுக்கும் இடையே 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் அனுபவம் ஆபத்து வேறிடத்தில் இருப்பதைக் காட்டுகிறது. அது வரி விகிதத்தில் இல்லை, வரிச்சலுகையோடு ஒட்டிவரும் நிபந்தனைகளில் இருக்கிறது.

1998 டிசம்பர் 28 அன்று ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவும் இந்தியப் பிரதமர் வாஜ்பாயும் கையெழுத்திட்ட அந்த உடன்படிக்கை, தாளில் சிறிய நாட்டுக்கே சாதகமானது. சலுகை தர முடியாது என்று இந்தியா விலக்கிவைத்த பொருட்கள் 429, இலங்கை விலக்கிவைத்தவை 1,180. வரியை நீக்க இந்தியாவுக்கு மூன்று ஆண்டு, இலங்கைக்கு எட்டு ஆண்டு அவகாசம். ஆனால் இலங்கை உண்மையிலேயே போட்டியிடக்கூடிய பொருட்களுக்கு என்ன கிடைத்தது? ஆண்டுக்கு ஏறத்தாழ 30 கோடி கிலோ தேயிலை விளைந்த நாட்டுக்குச் சலுகை 1.5 கோடி கிலோவுக்கு மட்டும். அதுவும் கொல்கத்தா, கொச்சி துறைமுகங்கள் வழியாகத்தான் செல்லலாம். ஆடைகளில் 80 லட்சம் உருப்படிகள். அவற்றில் 60 லட்சம் இந்தியத் துணியால் தைத்தவையாக இருக்க வேண்டும். இவை பின்னாளில் தளர்த்தப்பட்டன என்பது உண்மை. ஆனால் ஏற்றுமதியாளர்கள் புதிய சந்தையில் கால்பதிக்க வேண்டிய தொடக்க ஆண்டுகள் வீணாயின.

சலுகை கிடைத்த இடங்களிலும் அது நிலைக்கவில்லை. பாமாயிலுக்கு இரு நாடுகளும் விதித்த வரியின் வித்தியாசத்தை நம்பி இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் முளைத்தன. செம்புப் பொருட்களும் அப்படியே. சில ஆண்டுகள் இந்தியாவுக்கான ஏற்றுமதியில் பெரும்பங்கு இவைதான். இந்தியா வனஸ்பதிக்கு அளவுக் கட்டுப்பாடு கொண்டுவந்ததும் அந்தத் தொழில் சரிந்தது. 2017 டிசம்பரில் மிளகின் குறைந்தபட்ச இறக்குமதி விலையைக் கிலோவுக்கு 500 இந்திய ரூபாயாக இந்தியா நிர்ணயித்தபோது அடி மாத்தளை, கண்டிப் பக்கத்து விவசாயிகள் மேல் விழுந்தது. இந்தியாவின் நியாயத்தையும் கேட்க வேண்டும்: வியட்நாம் மிளகு இலங்கை மிளகு என்ற பெயரில் வருகிறது என்று கேரளத்திலும் குடகிலும் சிறு விவசாயிகள் முறையிட்டிருந்தார்கள். நம் பக்கம் மூலச் சான்றிதழைக் கண்டிப்பாகச் சரிபார்ப்பது நேர்மையான விவசாயியைக் காக்கும் வேலை. வணிகரின் தில்லுமுல்லுக்கு விலை கொடுப்பவர் அந்த விவசாயிதான்.

வர்த்தகப் பற்றாக்குறையைக் காட்டி இந்த உடன்படிக்கையே நஷ்டம் என்பவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. இந்தியாவிலிருந்து வருவனவற்றில் சலுகையைப் பயன்படுத்தி வருவது சிறு பங்கே. எரிபொருளும் வாகனங்களும் உடன்படிக்கை இல்லாவிட்டாலும் வந்திருக்கும். மறுபக்கம், இந்தியாவுக்குச் செல்லும் இலங்கைப் பொருட்களில் பெரும்பகுதி சலுகையோடுதான் செல்கிறது. ஆகவே உடன்படிக்கையே வேண்டாம் என்பது என் முடிவல்ல. சிக்கல் இதுதான்: பெரிய நாட்டால் ஓர் அறிவித்தல் மூலம் கதவைச் சாத்த முடிகிறது. அதே அறிவித்தலைச் சிறிய நாடு வெளியிட்டால் பெரியதற்கு உறைக்காது. இந்த ஏற்றத்தாழ்வைச் சட்டத்தால்தான் ஓரளவாவது ஈடுகட்ட முடியும்.

அந்தச் சட்டமே தாமதமாக வந்தது. மலிவுவிலைக் குவிப்புக்கு எதிரான சட்டமும், இறக்குமதி திடீரெனப் பெருகும்போது உள்ளூர்த் தொழிலைக் காக்கும் சட்டமும் இலங்கையில் 2018இல்தான் நிறைவேறின. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து 18 ஆண்டுகள் கழித்து! இன்று பாதிக்கப்பட்ட துறை வர்த்தகத் திணைக்களத்திடம் விசாரணை கோரலாம். ஒற்றை உற்பத்தியாளரின் புலம்பல் மட்டும் எடுபடாது. துறையின் உற்பத்தியில் கணிசமான பங்குள்ளவர்கள் ஒன்றுசேர்ந்து, விலை, விற்பனை, ஆட்குறைப்பு விவரங்களை ஆண்டுவாரியாகக் காட்ட வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் வணிக மன்றங்களும் இந்தக் கணக்குகளை இப்போதே எழுதத் தொடங்கலாம்.

பேச்சுவார்த்தைக் கட்டத்தில் பொதுமக்களுக்கு உள்ள கருவி தகவல் அறியும் உரிமை. 2015இல் 19ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமையாக்கியது. 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம் வழிமுறை தந்தது. வெளிநாட்டு வர்த்தக உடன்படிக்கைகள் பற்றிய முடிவுகளை முன்கூட்டியே வெளியிடுவது பொருளாதாரத்துக்குக் கடும் பாதகம் என்றால் மறுக்கலாம் என்று அதன் 5ஆம் பிரிவு சொல்வதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தந்தாக வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் உள்ளது. மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடமும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். பேரம் பேசுபவர் தன் சீட்டைக் காட்ட முடியுமா என்ற கேள்விக்கு ஐரோப்பிய ஒன்றியம் பதில் தந்திருக்கிறது: அமெரிக்காவுடன் பேசியபோது 2015இல் தன் வரைவு முன்மொழிவுகளை அது பகிரங்கப்படுத்தியது.

முதலீட்டுப் பாதுகாப்பு அத்தியாயம் இருக்கிறதா என்பதைத் தவறாமல் கேட்க வேண்டும். அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரைப்படி, அத்தகைய உடன்படிக்கையைப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அங்கீகரித்துவிட்டால், தேசியப் பாதுகாப்புக் காரணம் தவிர, அதற்கு முரணான சட்டத்தைப் பின்வரும் எந்த அரசும் இயற்ற முடியாது. உடன்படிக்கை தொடர்பான அரச நிர்வாகச் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் செல்லலாம். அதற்கான அவகாசம் ஒரே மாதம். கையெழுத்தான பிறகு வாசகத்தைத் தேடிப் பிடித்துப் படிக்க அது போதாது.