வாசல் செடிகள் – 9: கத்தரிக்குப் பயந்தால் மல்லி பூக்காது

சென்ற வாரம் செம்பருத்தியோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் குண்டுமல்லி.

செடி தளதளவென்று இருக்கிறது, கிளை நீண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டது, பூ மட்டும் காணோம் என்பார்கள். நான் முதலில் கேட்பது, “கடைசியாக எப்போது கவாத்து செய்தீர்கள்?” பெரும்பாலும் வரும் பதில், “வெட்டினதே இல்லைங்க.” ஆசையாய் வளர்த்த செடியில் கத்தரி வைக்க மனம் வராதுதான். ஆனால் குண்டுமல்லி அரும்பு வைப்பது புதுத் துளிரில். வெட்டாமல் விட்ட செடியில் கிளைகள் முற்றிப்போய், துளிர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வரும். பூவும் அவ்வளவுதான்.

மல்லி விவசாயி இதில் தயங்குவதே இல்லை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் ஆண்டுதோறும் கவாத்து வாங்கும் செடிதான். நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு மொத்தச் செடியையும் வெட்டிவிடுவார்கள். அப்போது வெட்டினால், வெயில் ஏறும் மார்ச்சில் பூக்கத் தயாராகச் செடி நிறையப் புதுக்கிளை இருக்கும். எல்லா மல்லிக்கும் இதே கணக்கு இல்லை. ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். வீட்டில் மூன்றும் இருந்தால் ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள்.

வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். ஒன்றரை அடிக்குச் சற்று மேலே விட்டு, கூர்மையான கத்தரியால் வெட்டுங்கள். காய்ந்த குச்சி, ஒன்றன்மேல் ஒன்று உரசும் கிளை, நோய்பட்ட கிளை எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட்டு, மிச்சமுள்ள இலைகளையும் உருவிவிடுங்கள். பிறகு மண்ணைக் கொத்தி, தொழு உரம் போட்டு, தண்ணீர் விடலாம். வெறும் குச்சியாக நிற்பதைப் பார்த்து வீட்டில் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கணுவுக்குக் கணு துளிர் வெடிக்கும்.

வெட்டியும் பூக்கவில்லையென்றால் வெயிலைப் பாருங்கள். மாமர நிழலிலோ வடக்குப் பார்த்த பால்கனியிலோ வைத்துவிட்டு எத்தனை உரம் போட்டும் பயனில்லை. குண்டுமல்லிக்கு நாளில் ஆறு மணி நேர நேர்வெயிலாவது வேண்டும்.

உரத்திலும் ஒரு தப்பு நடக்கிறது. வாராவாரம் கடலைப்பிண்ணாக்குக் கரைசலும் யூரியாவும் ஊற்றுகிறார்கள். அதில் கிடைப்பது தழைச்சத்து, அது இலையைத்தான் வளர்க்கும். வயலில் ஒரு செடிக்கு ஆண்டுக்குப் பரிந்துரைக்கப்படுவது தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120. அதைக் கவாத்தின்போது பாதி, ஜூன், ஜூலையில் பாதி என்று பிரித்துப் போடுவார்கள். தொட்டிக்கு இவ்வளவு தேவையில்லை, ஆனால் விகிதத்தைக் கவனியுங்கள்: தழைச்சத்து மற்றவற்றில் பாதிதான். பிண்ணாக்கைக் குறைத்து எலும்புத் தூளைக் கூட்டுங்கள்.

அரும்பு வந்தும் ஓட்டை விழுந்து உதிர்ந்தால் அது மொட்டுப்புழு. அந்த அரும்புகளைப் பறித்து அழித்துவிடுங்கள், செடியடியில் போடாதீர்கள்.

உங்கள் செடி இத்தனை வருடம் சும்மா நின்றிருந்தாலும் பிடுங்கி எறிய வேண்டாம். காலண்டரில் நவம்பர் கடைசி வாரத்தைக் குறித்து வையுங்கள். ஒரே ஒரு முறை துணிந்து வெட்டிப் பாருங்கள், சித்திரையில் பூ பறிப்பீர்கள்.