'என்ன ஆச்சு?' என்று கேட்டே திணறடித்த வங்கிகள்

தாம்பரம் சண்முகம் சாலையில் காய்கறி வாங்கிவிட்டு க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறீர்கள். பின் எண்ணை அழுத்தியதும் உங்கள் செயலியிலிருந்து ஒரு செய்தி கிளம்பி, வங்கி வழியாக, யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் சர்வரை அடைகிறது. அங்கிருந்து உங்கள் கணக்குள்ள வங்கிக்கு 'பற்று வை' என்று ஒரு செய்தி. அது சரியென்றதும் கடைக்காரரின் வங்கிக்கு 'வரவு வை' என்று இன்னொன்று. அந்தச் சில நொடிகளில் ஓடுவதெல்லாம் செய்திகள்தான்.

2025 ஆகஸ்டில் யுபிஐ பரிவர்த்தனைகள் முதன்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின. வகுத்துப் பார்த்தால் நொடிக்குச் சராசரியாக 7,400-க்கும் மேல். ஆனால் சராசரி என்பது சாமர்த்தியமான பொய். 99 பேருக்கு ஒரு நொடியிலும் ஒருவருக்கு 30 நொடியிலும் பதில் போனால், சராசரி 1.29 நொடி. திரையில் எல்லாம் நலம். அந்த ஒருவர் மட்டும் கவுன்ட்டரில் கையைப் பிசைகிறார். தாம்பரம் சானடோரியம் மெப்ஸிலோ ஓஎம்ஆரிலோ 'புரொடக்‌ஷன் சப்போர்ட்' பார்ப்பவர்களைக் கேளுங்கள்: அவர்கள் கண் வைப்பது நூறில் மிக மெதுவான அந்த ஒன்றின் மீதுதான்.

காரணம் உண்டு. 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி எளிமையானது: நொடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் எத்தனை நொடி நிற்கிறார்கள், இரண்டையும் பெருக்கினால் உள்ளே நிற்கும் கூட்டம். நொடிக்கு 7,500 செய்திகள் வந்து, அரை நொடியில் பதில் கிடைத்தால் உள்ளே 3,750. ஏதோவொரு வங்கி சுணங்கிப் பதில் பத்து நொடியானால் 75,000. வருகை ஒன்றுகூட ஏறவில்லை, ஆனாலும் நினைவகமும் இணைப்புகளும் நிரம்பிவிடுகின்றன.

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை யுபிஐ பல மணி நேரம் தடுமாறியது. பணம் அனுப்புவோர் கூட்டம்தான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். என்பிசிஐ ஆராய்ந்து கண்டது வேறு. பரிவர்த்தனை என்ன ஆனது என்று விசாரிக்கும் செய்திகளைச் சில வங்கிகள் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கின்றன. பழைய பரிவர்த்தனைகளைக்கூட விடவில்லை. பதில் தாமதமானால் மறுபடி கேட்பது, கேட்பதால் பதில் இன்னும் தாமதமாவது: இந்தச் சுழலில் மாட்டினால் எந்த சர்வரும் மீள்வது கடினம்.

பிறகு வந்த கட்டுப்பாடுகளை லிட்டிலின் விதியோடு சேர்த்துப் படித்தால் புரியும். வருகையைக் குறைக்க, ஒரு பரிவர்த்தனையின் நிலையை அதிகபட்சம் மூன்று முறைதான் கேட்கலாம் என்றார்கள். காத்திருப்பைக் குறைக்க, ஜூன் 16 முதல் அந்தக் கேள்விக்கான பதில் அவகாசத்தை 30 நொடியிலிருந்து 10 ஆக்கினார்கள். ஆகஸ்ட் முதல் நமக்கும் ஒரு வரம்பு: ஒரு செயலியில் நாளைக்கு 50 முறைதான் இருப்பைப் பார்க்கலாம். (சம்பளத் தேதிக்கு இது போதாது என்பவர்களும் இருக்கக்கூடும்.)

தோல்விகளையும் என்பிசிஐ இரண்டாகப் பிரித்து, வங்கிவாரியாக மாதாமாதம் வெளியிடுகிறது. தவறான பின் எண், போதாத இருப்பு போன்றவை வாடிக்கையாளர் கணக்கில். சர்வரோ இணைப்போ சொதப்பினால் அது தொழில்நுட்பத் தோல்வி. 'சர்வர் டவுன்' என்று கடைக்காரர் கைவிரிக்கும்போது, அடிக்கடி சறுக்குவது எந்த வங்கியின் சர்வர் என்பதை அந்தப் பட்டியலில் யாரும் பார்க்கலாம்.