எண்சாண் உடம்பில் ஒரு சாண் எங்கே போனது?

லண்டன் தெருக்களில் திரிந்த ஏழைப் பையன்களுக்குச் சட்டையும் சாப்பாடும் கொடுத்துக் கப்பலுக்கு அனுப்ப 1756-ல் தொடங்கிய அமைப்பு மரைன் சொசைட்டி. தொடங்கியவர் ஜோனஸ் ஹான்வே. (ஆண்கள் குடை பிடிப்பது கேவலம் என்றிருந்த லண்டனில், துணிந்து குடையோடு நடந்து கேலி வாங்கியவரும் இவர்தான்.) கடற்படைக்குத் தேறுவானா என்று பார்க்க, பையன்களை நிற்கவைத்து அளந்து பேரேட்டில் எழுதிவைத்தார்கள்.

பிற்பாடு இன்னொரு பேரேடும் வந்தது. 1812-ல் சாண்ட்ஹர்ஸ்ட்டுக்கு இடம் மாறிய ராணுவக் கல்லூரியுடையது. அங்கே சேர்ந்தவர்கள் பெரிய வீட்டுப் பிள்ளைகள். இப்படிப்பட்ட இரு தரப்பு அளவுகளையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டார் பொருளாதார வரலாற்றாளர் ஜான் கோம்லோஸ். 16 வயதில் வித்தியாசம் 22 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு சாண்! ஒரே நாடு, ஒரே மழை, ஒரே ராஜா. ஆனால் அன்றைய ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அளவு கிடைத்தவர்களில் மிகக் குள்ளமானவர்கள் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள். மிக உயரமானவர்கள் இங்கிலாந்தின் பணக்காரப் பிள்ளைகள்.

இதை ‘ரத்தத்தின் உயர்வு’ என்று மேல்தட்டு நம்பியதில் வியப்பில்லை, வசதியான நம்பிக்கைதானே! பிரான்ஸில் வில்லெர்மே என்ற மருத்துவர் 1829-லேயே மறுத்தார். நல்ல சாப்பாடு, நல்ல வீடு, சிறுவயதில் உழைப்புச் சுமை குறைவு, இவை இருக்கும் இடத்தில் ஆட்கள் உயரமாகிறார்கள் என்பது அவர் முடிவு.

உடம்பும் குடும்ப வரவுசெலவு போலத்தான். சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் சக்தியில் மூளை, இதயம் முதலில் எடுத்துக்கொள்ளும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால் அவற்றோடு மல்லுக்கட்டவே பெரும்பங்கு போய்விடும். ஆலை வேலை மிச்சத்தையும் உறிஞ்சும். எலும்பு நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளுக்குக் கடைசிப் பந்திதான். கூடவே பருவமடைவதும் தள்ளிப்போகும். பணக்காரப் பையன் ‘கிடுகிடு’வென வளர்ந்துவிடும் 16 வயதில், ஏழைப் பையனுக்கு அந்த வேகம் முடிந்திராது. பிறகு இருபது வயது தாண்டியும் மெல்ல வளர்ந்து, இழந்ததில் கொஞ்சத்தை மீட்பான், முழுதாக அல்ல.

வயதும் உயரமும் ஒட்டாத இந்தக் குளறுபடி சட்டத்தையும் தடுமாற வைத்தது. 9 வயதுக்குக் கீழே நெசவாலையில் வேலை கூடாது என்றது பிரிட்டனின் 1833-ம் ஆண்டுச் சட்டம். பிறப்புச் சான்று ஏது? மருத்துவர்கள் ஆளின் தோற்றத்தையும் உயரத்தையும் பார்த்தே வயது சொன்னார்கள். கூலி வேண்டிய பெற்றோர் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். 1837-ல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, உயரத்தைவிடப் பல்லே நம்பகமான சாட்சி என்று வாதிட்டார். அவர் சொன்னது சரி. பசி எலும்பை நிறுத்திவைக்கும் அளவுக்குப் பல் முளைப்பதை நிறுத்துவதில்லை.

கீழே இருப்பவர்களை அளந்ததெல்லாம் அக்கறையால் அல்ல. ஆள் தேறுமா, ஓடிப்போனால் அடையாளம் காட்ட முடியுமா என்பதுதான் கவலை. மதராஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களின் பதிவுகளிலும் சாதி, அங்க அடையாளத்தோடு உயரமும் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் பிரிட்டன் ஆள் எடுத்தபோது, தொழில் நகரங்களில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகத் தகுதியிழந்தார்கள். ‘இனமே சீரழிகிறதா?’ என்ற பீதியில் அமைந்த அரசுக் குழு 1904-ல் அறிக்கை தந்தது. பழி பரம்பரையின் மேல் அல்ல, வாழ்நிலையின் மேல் விழுந்தது. 1906-ல் பள்ளிச் சாப்பாட்டுக்குச் சட்டமும், அடுத்த ஆண்டு பள்ளி மருத்துவப் பரிசோதனையும் வந்தன. அதற்குள் வளர்ந்து முடிந்தவர்களுக்கு அவை உதவவில்லை. 1914-ல் 5 அடி 3 அங்குலம் இல்லையென்று ராணுவம் திருப்பியனுப்பிய சுரங்கத் தொழிலாளிகள் உள்ளிட்டோரைச் சேர்த்து, பர்க்கன்ஹெட்டில் தனிப் படைப்பிரிவே அமைத்தார்கள். அதற்குக் குட்டைச் சேவலின் பெயர்: ‘பேன்டம்’. குறைந்தபட்ச உயரம் 5 அடி.